பயோமாஸிலிருந்து ரசாயனம்: முதல் கணினி மாடலைப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கரும்புச் சக்கையை அமிலத்தில் வேகவைத்து ஃபர்ஃபுரால் என்ற ரசாயனத் திரவத்தை எடுக்கும் ஒரு செய்முறை. அதைக் கணினியில் மாடலாகப் போட்டு, எங்கே கை வைத்தால் விளைச்சல் கூடும், எங்கே நீராவி மிச்சமாகும் என்று சொல்ல வேண்டும். என்னிடம் வந்த வேலை இவ்வளவுதான். மூன்று மாதம் போதும் என்று நானே தேதி சொன்னேன், பதினோரு மாதம் இழுத்தது. இழுத்ததற்குக் காரணம் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஈரத்தைக் கழிக்க மறந்தேன், வடிப்புக் கோபுரத்துக்குத் தப்பான பண்புத் தொகுப்பை (கலவை எப்படிக் கொதிக்கும், பிரியும் என்று கணிக்கும் சமன்பாடுகள்) போட்டேன், லைசென்ஸ் முடியும் தேதியைப் பார்க்கவில்லை. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு நாளில் தீர்ந்திருக்கும்.

நான் விழுந்த பள்ளங்களை வரிசையாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஃபர்ஃபுராலையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் லாக்டிக் அமிலமோ லெவுலினிக் அமிலமோ செய்தாலும் படிகள் பெரிதாக மாறாது.

1. மென்பொருளைத் திறக்காதீர்கள், கேள்வியை எழுதுங்கள்

"செய்முறையை மேம்படுத்த வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "170 டிகிரி செல்சியஸில் ஓட்டுவதை 185 ஆக்கினால், கூடும் விளைச்சல் கூடுதல் நீராவிச் செலவைத் தாங்குமா?" என்பது கேள்வி. ஒரே வாக்கியம், அதில் ஒரு எண்ணாவது இருக்க வேண்டும், வேலை கொடுத்தவர் அதைப் படித்து ஆம் என்று மின்னஞ்சலில் பதில் போட்டிருக்க வேண்டும். அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். நடுவழியில் கேள்வி மாறும்போது, மாறத்தான் மாறும், தேதியை நீட்டிக்கக் கேட்பதற்கு உங்கள் கையில் இருக்கப்போகும் ஒரே ஆவணம் அதுதான்.

எந்த அளவில் மாடல் வேண்டும் என்பதையும் கேள்விதான் தீர்மானிக்கும். வினையூக்கியின் மேல் மூலக்கூறு எப்படி உடைகிறது என்பது ஒரு உலகம், ரியாக்டருக்குள் வேகம் இன்னொன்று, முழு ஆலையின் ஃப்ளோஷீட், அதாவது எந்தக் கருவியிலிருந்து எது எங்கே எவ்வளவு போகிறது என்ற ஓட்டப்படம், வேறொன்று. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மூலக்கூறு மட்டத்தில் தொடங்க ஆசைப்படுகிறார்கள், படங்கள் அழகாக இருக்கும் என்பதால். ஒரு கணக்கு சொல்கிறேன். குவாண்டம் கணக்கீட்டில் வினையின் தடையாற்றல் மோலுக்கு 10 கிலோஜூல் பிசகினால், 170 டிகிரியில் வேகம் ஏறத்தாழ 15 மடங்கு பிசகும். அந்த அளவு பிசகு அங்கே சர்வ சாதாரணம். இரண்டு வினையூக்கிகளை ஒப்பிட அது உதவும், ஆலைக்கு ரியாக்டர் அளவு சொல்ல உதவாது. முதல் மாடல் என்றால் ஃப்ளோஷீட்டில் தொடங்குங்கள் என்பதே என் கட்சி.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்: முக்கியமானது பகுப்பாய்வு அறிக்கை

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள், ஆய்வகம் வெளியே இருந்தால் ஆறு வாரம். பயோமாஸ், அதாவது சக்கை, தட்டை போன்ற தாவரப் பொருள், பெட்ரோலியம் மாதிரி இல்லை. ஒரே வயலில் வேறு வேறு மாதத்தில் எடுத்தாலே கலவை மாறும். அதன் மூன்று முக்கியப் பாகங்களில் பொதுவாக செல்லுலோஸ் 40 முதல் 50 விழுக்காடு, ஹெமிசெல்லுலோஸ் 20 முதல் 30, லிக்னின் 15 முதல் 30 என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த இடைவெளியில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்துதான் லாபமா நட்டமா என்பதே இருக்கிறது.

அறிக்கை கேட்கும்போது இவற்றையெல்லாம் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஈரம், சாம்பல், கரைசலில் கழன்று வரும் பொருள்கள், குளுக்கான், சைலான் (ஹெமிசெல்லுலோஸின் பகுதி, ஃபர்ஃபுரால் வருவது இதிலிருந்துதான்), அராபினான், அசிட்டைல், அமிலத்தில் கரையும் லிக்னின், கரையாத லிக்னின். கூடவே சாம்பிள் எடுத்த தேதி, பின்பற்றிய முறை, எண்கள் உலர் எடைக்கா ஈர எடைக்கா என்பது. வழக்கமான முறையில் 72 விழுக்காடு சல்ஃப்யூரிக் அமிலத்தில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 4 விழுக்காட்டுக்கு நீர்த்து 121 டிகிரியில் ஒரு மணி நேரம். கேட்க இரண்டு மணி நேர வேலை மாதிரி இருக்கும், ஆனால் உலர்த்துவது, கரைபொருள்களைக் கழற்றுவது, வடிகட்டுவது, அளப்பது என்று எல்லாம் சேர்த்தால் பல நாள் பிடிக்கும். ஆய்வகத்தை நெருக்காதீர்கள்.

அசிட்டைலை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், என் முதல் அறிக்கையில் அது இல்லை, நானும் கேட்கவில்லை. ஹெமிசெல்லுலோஸில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த அசிட்டைல்தான் சூட்டில் பிரிந்து அசிட்டிக் அமிலமாகிறது. அதை விட்டுவிட்டால் மாடலில் கழிவுநீர் சுத்தமாக ஓடும். நிஜ ஆலையில் அந்த அமிலம் உலோகத்தையும் அரிக்கும், கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவையும் ஏற்றிவிடும்.

எல்லாவற்றையும் கூட்டினால் 100க்கு அருகே வர வேண்டும். 88 வந்தால் மீதி 12ஐ "மற்றவை" என்று போட்டு மூடாதீர்கள், ஆய்வகத்தைக் கேளுங்கள். சொந்த சாம்பிள் இன்னும் வரவில்லை என்றால், ஃபில்லிஸ்2 என்ற தரவுத்தளத்தில் நூற்றுக்கணக்கான பயோமாஸ்களின் கலவையை இலவசமாகப் பார்க்கலாம். தற்காலிகமாக அதை வைத்துத் தொடங்கலாம், இறுதி அறிக்கைக்கு அது போதாது.

3. மென்பொருளும் லைசென்ஸும்: பணம் போகும் இடம், நாள் போகும் இடம்

ஆஸ்பென் பிளஸ் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது, விலையும் அப்படியே. பல்கலைக்கழகத்தில் இருந்தால் நிறுவன லைசென்ஸ் இருக்கலாம். விசாரிக்கும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்தே கேளுங்கள். எந்தத் தேதியில் முடிகிறது, வளாகத்துக்கு வெளியிலிருந்து வேலை செய்ய முடியுமா, கம்பெனி பணம் கொடுக்கும் திட்டத்துக்குப் பயன்படுத்த அனுமதி உண்டா. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கல்வி லைசென்ஸில் வணிக வேலை செய்வது ஒப்பந்த மீறல், பின்னால் கட்டுரை வெளியிடும்போதோ காப்புரிமை போடும்போதோ அது தலைவலியாகும். முதல் கேள்வியை நான் விட்டேன். ஒப்படைக்கப் பதினாறு நாள் இருக்கும்போது கோப்பு திறக்க மறுத்தது, புதுப்பிக்கும் விண்ணப்பம் யார் மேசையிலோ பன்னிரண்டு நாள் தூங்கியது.

காசு இல்லாத வழிகளும் உண்டு, சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்லவை. டிடபிள்யூசிம் திறந்த மூல ஃப்ளோஷீட் மென்பொருள். பைதான் தெரிந்தால் பயோஸ்டீம் இன்னும் வசதி: பயோமாஸ் ஆலைகளுக்கென்றே எழுதியது, மக்காச்சோளத் தட்டை, கரும்பு போன்றவற்றுக்கு முழு ஆலை மாடல்களே கிடைக்கின்றன, ஆயிரம் தடவை எண்களை மாற்றி ஓட்டிப் பார்க்க நிமிடங்கள்தான் ஆகும். வினை வேகத்துக்குக் கான்டெரா, சுற்றுச்சூழல் கணக்குக்கு ஓப்பன்எல்சிஏ. நுண்ணுயிர் வழி என்றால் கோப்ராபை.

நுண்ணுயிர் வழியில் போகிறவர்களுக்கு ஒரு வரி மட்டும். ஐஎம்எல்1515 மாதிரியான ஈ.கோலை பாக்டீரியா மாடல், பெயரில் இருப்பது போலவே 1515 மரபணுக்கள் கொண்டது, தரும் விளைச்சல் என்பது உச்சவரம்பு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு, கடைசியில் லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதை அந்தக் கணக்கு தானாகச் சொல்லாது, பிரித்தெடுக்கும் செலவோ அந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது.

4. முதலில் எக்செலில் நிறைக் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அரை நாள் வேலை, எனக்கு நான்கு மாதம் மிச்சப்படுத்தியிருக்கும்.

1000 கிலோ கரும்புச் சக்கை ஆலையிலிருந்து வருகிறது என்று வையுங்கள். பாதி ஈரம். ஆக உலர் எடை 500 கிலோ. சைலான் 22 விழுக்காடு என்றால் 110 கிலோ. சைலானின் ஒரு கண்ணி தண்ணீர் சேர்ந்து சைலோஸாகும்போது எடை 1.136 மடங்காகிறது, 125 கிலோ. சைலோஸ் மூன்று தண்ணீர் மூலக்கூறுகளை இழந்து ஃபர்ஃபுரால் ஆகும்போது எடை 0.64 மடங்கு. முடிவில் 80 கிலோ. இது கோட்பாட்டு உச்சம், இதைத் தாண்டி எந்த மாடல் எந்த எண்ணைக் காட்டினாலும் மாடல் பொய் சொல்கிறது. பழைய பாணி ஆலைகளில் உச்சத்தில் பாதி வந்தாலே பரவாயில்லை, அதாவது 40 கிலோ.

நான் செய்தது என்ன தெரியுமா? 1000 கிலோவையும் உலர் எடையாக எடுத்துக்கொண்டேன். உச்சம் 160 கிலோ ஆகிவிட்டது, மாடலில் வந்த 78 கிலோ எனக்கு ரொம்ப அடக்கமான எண்ணாகத் தெரிந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. தப்பு நம்மை மகிழ்விக்கிற திசையில் இருந்தால் யாரும் தேடிப்போய்ப் பார்ப்பதில்லை.

விளைச்சல் என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. அதே 40 கிலோவை ஒருவர் "50 விழுக்காடு விளைச்சல்" என்பார், கோட்பாட்டு உச்சத்தோடு ஒப்பிட்டு. இன்னொருவர் "8 விழுக்காடு" என்பார், உலர் எடையோடு ஒப்பிட்டு. மூன்றாமவர் சைலான் எடையோடு ஒப்பிட்டு 36 என்பார். கட்டுரைகளிலிருந்து எண் எடுக்கும்போது எதன்மேல் விழுக்காடு என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

அப்புறம் தண்ணீர். வினைக்கலத்திலிருந்து வரும் ஆவியில் ஃபர்ஃபுரால் 5 விழுக்காடு என்றால், ஒவ்வொரு கிலோவோடும் 19 கிலோ தண்ணீர் ஆவியாகி வருகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2.26 மெகாஜூல், ஆக மொத்தம் 43 மெகாஜூல். அந்த ஒரு கிலோ ஃபர்ஃபுராலை அப்படியே எரித்தாலும் 24 மெகாஜூல்தான் கிடைக்கும். இந்த இரண்டு வரியை எழுதிப் பார்த்ததும், மேம்படுத்த வேண்டியது வினையூக்கியைக் காட்டிலும் தண்ணீரைத்தான் என்பது எனக்கு உறைத்தது. இதைச் சொல்ல ஆறு மாத சிமுலேஷன் தேவையே படவில்லை.

5. பண்புத் தொகுப்பு: இங்கே நிதானமாக நில்லுங்கள்

சிமுலேஷன் மென்பொருள் முதலில் கேட்கும் கேள்வியே எந்தப் பண்புத் தொகுப்பு என்பதுதான். புதியவர்கள் தானாக வந்து நிற்பதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். நானும் போனேன்.

ஃபர்ஃபுரால் கொதிநிலை 161.7 டிகிரி, தண்ணீர் 100. இலட்சியக் கலவை என்று கணக்குப் போட்டால் தண்ணீர் கோபுரத்தின் உச்சியில் போகும், ஃபர்ஃபுரால் அடியில் தங்கும். என் மாடலில் அப்படித்தான் வந்தது, அடியில் 99 விழுக்காடு தூய்மை. படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினேன். நடப்பது நேர் எதிர்! நீர்த்த கரைசலில் ஃபர்ஃபுராலுக்குத் தண்ணீரைப் பிடிக்காது, முண்டியடித்துக்கொண்டு ஆவிக்குள் போகும். 98 டிகிரிக்குச் சற்றுக் கீழே, ஃபர்ஃபுரால் 35 விழுக்காடு அளவில், இரண்டும் பிரியாமல் சேர்ந்தே கொதிக்கும் அசியோட்ரோப் உருவாகிறது. அந்த ஆவியைக் குளிர வைத்தால் எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு அடுக்காகப் பிரியும். கீழடுக்கு ஏறத்தாழ 95 விழுக்காடு ஃபர்ஃபுரால், மேலடுக்கில் 8 விழுக்காடு. மேலடுக்கைத் திரும்பக் கோபுரத்துக்கு அனுப்பி, கீழடுக்கை இன்னொரு கோபுரத்தில் உலர்த்துவதுதான் ஆலையில் நடப்பது. இந்த நான்கு எண்களும் உங்கள் மாடலில் வருகின்றனவா என்று ஒரு சின்னச் சோதனைக் கோப்பில் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இப்படி இலட்சியமாக நடக்காத கலவைகளுக்கான என்ஆர்டிஎல் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது மட்டும் போதாது. அதற்குள் இருக்கும் இணைக் கெழுக்கள் (இரண்டிரண்டு பொருள்களுக்கான பொருத்த எண்கள்) ஆவி-திரவச் சமநிலைக்கு மட்டும் பொருத்தியவையாக இருந்தால், இரண்டு அடுக்காகப் பிரிவதைக் காட்டாமலே போகலாம். இரண்டு திரவ நிலைகளை அனுமதிக்கும் அமைப்பும் தனியாக இருக்கும், அதையும் போட வேண்டும். கலவையில் அசிட்டிக் அமிலமோ ஃபார்மிக் அமிலமோ இருந்தால் அவை ஆவியில் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொள்ளும், சாதாரண ஆவிக் கணக்கு அங்கே தப்பும். ஆஸ்பென் பிளஸில் அதற்கு ஹேடன்-ஓகானல் சேர்ந்த என்ஆர்டிஎல் உண்டு.

அடுத்து திடப்பொருள்கள். சைலான், லிக்னின் எல்லாம் வழக்கமான தரவுத்தளத்தில் இருக்காது, நீங்களே உள்ளிட வேண்டும். 1996இல் அமெரிக்காவின் என்ஆர்இஎல் என்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் வெளியிட்ட பண்புத் தரவு அறிக்கையைத்தான் இந்தத் துறையில் பலரும் இன்றும் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள், இலவசமாகக் கிடைக்கிறது. லிக்னினுக்கு ஒரே வாய்பாடு என்று கிடையாது. எதைப் போட்டாலும் உருவாதல் வெப்பத்தைச் சரிபாருங்கள். சரிபார்க்க எளிய வழி: உங்கள் ஃபீடை (உள்ளே போகும் சக்கையை) மாடலுக்குள்ளேயே முழுதாக எரித்துவிடுங்கள். உலர்ந்த கரும்புச் சக்கைக்குக் கிலோவுக்கு 18, 19 மெகாஜூல் வர வேண்டும். எனக்கு 31 வந்திருந்தது. என் ஆலை இரண்டு மாதமாக வெளியிலிருந்து எரிபொருளே வாங்காமல் ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

6. ரியாக்டர்

முதல் சுற்றில் "இத்தனை விழுக்காடு மாறும்" என்று விளைச்சலை நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். ஃப்ளோஷீட் ஓடத் தொடங்கிய பிறகு வேகச் சமன்பாடுகளைப் போடலாம். குறைந்தபட்சம் நான்கு வினைகள் வேண்டும்: சைலான் சைலோஸாவது, சைலோஸ் ஃபர்ஃபுராலாவது, ஃபர்ஃபுரால் தனக்குத்தானே பிசினாவது, ஃபர்ஃபுராலும் சர்க்கரையும் சேர்ந்து ஹ்யூமின் என்ற கரிப்பொருளாவது. கடைசி இரண்டையும் விட்டுவிட்டால், சூட்டையும் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போனால் விளைச்சலும் ஏறிக்கொண்டே போகும் என்று மாடல் சொல்லும். உகந்த புள்ளி தேடும் நிரலிடம் அதைக் கொடுத்தால் அது நேராக நீங்கள் அனுமதித்த உச்ச வெப்பநிலையில் போய் ஒட்டிக்கொள்ளும். விடை எல்லைக் கோட்டில் வந்து நின்றால், பாதி நேரம் ஏதோ ஒரு இழப்பை நீங்கள் மாடலில் சேர்க்கவில்லை என்று அர்த்தம்.

கட்டுரைகளிலிருந்து வேக மாறிலிகளை எடுக்கும்போது நிமிடத்துக்கா நொடிக்கா, அமிலச் செறிவு உள்ளே சேர்ந்ததா தனியா, எந்த வெப்பநிலை வரம்பில் அளந்தது என்று மூன்றையும் பாருங்கள். 140 முதல் 160 டிகிரி வரை அளந்ததை 200க்கு நீட்டுவது சூதாட்டம். அமிலத்திலும் இரண்டு நுணுக்கம் உண்டு. 170 டிகிரியில் சல்ஃப்யூரிக் அமிலத்தின் இரண்டாவது புரோட்டான் பெரும்பாலும் பிரியாது, ஆகவே ஒரு மூலக்கூறுக்கு ஒன்று என்றே கணக்கிடுங்கள். சக்கையோடு வரும் சாம்பலும் மண்ணும் அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தூய சைலோஸ் கரைசலில் அளந்த வேகம் நிஜச் சக்கையில் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. சுழற்சிகளைக் கடைசியில் மூடுங்கள்

திரும்பி வரும் ஓட்டங்களை முதலில் வெட்டிவிட்டு, உத்தேச எண்ணைக் கொடுத்து ஓட்டுங்கள். எல்லாம் ஓடிய பிறகு ஒவ்வொன்றாக இணையுங்கள், ஒவ்வொரு இணைப்புக்குப் பின்னும் கோப்பைத் தேதி போட்டுத் தனியாகச் சேமியுங்கள். கணக்கு ஒருங்காமல் அலைந்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு பொருள் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். ஒரு சிறு கழிவு ஓட்டம் வைத்தால் சரியாகிவிடும். ஒருங்கிவிட்டது என்று பச்சை விளக்கு எரிந்தாலும் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கையால் கூட்டிப் பாருங்கள், சில சமயம் சில கிலோ காற்றில் கரைந்திருக்கும்.

8. பணக் கணக்கு

தொடக்க நிலை மதிப்பீட்டை நாணயத்தின் கடைசிக் காசு வரை எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செலவு மதிப்பீட்டுப் பொறியாளர்களின் அமைப்பான ஏஏசிஇயின் வகைப்பாட்டில் இப்படிப்பட்ட ஐந்தாம் வகை மதிப்பீடு கீழே 50 விழுக்காடு வரையும் மேலே 100 விழுக்காடு வரையும் விலகலாம். அந்த அகலத்தை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

கருவி விலை பழைய அறிக்கையிலிருந்து வருகிறதென்றால் ஆண்டை மாற்றிக் கணக்கிட வேண்டும். கெமிக்கல் எஞ்சினியரிங் இதழின் ஆலைச் செலவுக் குறியீடு 2007இல் சுமார் 525, 2022இல் சுமார் 816. அதாவது அதே கருவிக்கு ஏறத்தாழ 1.55 மடங்கு. அளவு மாறும்போது 0.6 அடுக்கு விதி: பத்து மடங்கு பெரிய கருவி நான்கு மடங்கு விலைதான். இதைப் பார்த்ததும் ஆலையைப் பெரிதாக்கிக்கொண்டே போகத் தோன்றும். பயோமாஸில் அது ஓரளவுக்குத்தான் செல்லும், ஏனென்றால் ஆலை பெரிதானால் சக்கையை இன்னும் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும், அதில் பாதி எடை தண்ணீர்.

பெரும்பாலான மாடல்கள் ஆண்டுக்கு 8000 மணி நேர ஓட்டம் என்று எடுத்துக்கொள்கின்றன. கரும்பு அரவை சில மாதங்கள்தான். மீதி மாதங்களுக்குச் சக்கையைச் சேமிக்கும் இடம், மட்கிப்போகும் இழப்பு, தீப்பிடிக்கும் அபாயம் எல்லாம் கணக்கில் வர வேண்டும், அல்லது 4000 மணி நேரம் என்று போட்டு ஒரு கிலோவுக்கான முதலீடு இரட்டிப்பாவதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய தப்பு, சக்கை இலவசம் என்று எழுதுவது. சர்க்கரை ஆலை அதை எரித்துத்தான் தன் நீராவியையும் மின்சாரத்தையும் எடுக்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்டால் அவர்கள் வேறு எரிபொருள் வாங்க வேண்டும், அந்த எரிபொருளின் விலைதான் சக்கையின் விலை.

9. சுற்றுச்சூழல் கணக்கு

பொருளின் முழு வாழ்நாள் பாதிப்பைக் கணக்கிடும் ஐஎஸ்ஓ 14040, 14044 என்ற இரண்டு தரநிலைகளும்தான் அடிப்படை. மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் பின்னணித் தரவுத்தளத்துக்குப் பணம் கேட்பார்கள், அதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். மேலே சொன்ன அதே பொறி இங்கேயும் உண்டு: சக்கைக்குப் பதிலாகச் சர்க்கரை ஆலை நிலக்கரி எரித்தால் அந்தக் கார்பன் உங்கள் கணக்கில் ஏற வேண்டும்.

10. இயந்திரக் கற்றல் ஆசை வந்தால்

வரும். எனக்கும் வந்தது. நூற்றுச் சொச்சம் கட்டுரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான தரவு வரிகளைத் திரட்டி, வெப்பநிலை, நேரம், அமிலம் கொடுத்தால் விளைச்சல் சொல்லும் மாடலைப் பயிற்றுவித்தேன். ஆர்-ஸ்கொயர் (கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.94. துள்ளிக் குதித்தேன். பிறகு ஒருவர் கேட்டார், சோதனைக்கு ஒதுக்கிய வரிகளை எப்படிப் பிரித்தாய் என்று. கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போட்டுத்தான். ஒரே கட்டுரையின் பத்து வரிகளில் எட்டு பயிற்சியிலும் இரண்டு சோதனையிலும் இருந்தன, மாடல் வேதியியலைக் கற்கவில்லை, ஆய்வகங்களை அடையாளம் காணக் கற்றிருந்தது. முழுக் கட்டுரையாகவே ஒதுக்கி வைத்துச் சோதித்தபோது 0.4க்குக் கீழே இறங்கியது. கட்டுரை வாரியாகப் பிரியுங்கள், முதல் நாளே.

உங்கள் சொந்தச் சோதனைகள் கையில் இருந்து, அடுத்து எந்தச் சோதனையைச் செய்வது என்று தேர்ந்தெடுக்க, இதுவரை வந்த முடிவுகளை வைத்து அடுத்த புள்ளியைப் பரிந்துரைக்கும் பேயசியன் உகப்பாக்கம் நன்றாகவே உதவும். இருபது முப்பது சோதனைகளே இருந்தாலும் போதும். தரவு குறைவாக இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

எந்த மாடலானாலும் ஒரே விடையோடு நிறுத்தாதீர்கள். சைலான் அளவு, விளைச்சல், நீராவி, சக்கை விலை, விற்பனை விலை ஐந்தையும் அவற்றின் நிஜ வரம்புக்குள் ஆயிரம் தடவை மாற்றி ஓட்டிப் பாருங்கள். எது விடையை அதிகம் ஆட்டுகிறதோ அடுத்த மாத உழைப்பு அங்கே போக வேண்டும். எனக்கு முதலிடத்தில் வந்தது சக்கை விலை, இரண்டாவது நீராவி. வினை வேகம் நான்காவது. நானோ நேரத்தில் பாதியை வினை வேகத்தில் செலவழித்திருந்தேன்.

11. ஒப்படைக்கும்போது

கோப்பு மட்டும் போதாது. அனுமானங்களின் பட்டியல் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வந்தது, யார் ஒப்புக்கொண்டது, எந்தத் தேதி என்று. பகுப்பாய்வு அறிக்கையின் நகல், மென்பொருளின் பதிப்பு எண், ஓட்டங்களின் அட்டவணை, முதல் படியில் பத்திரப்படுத்திய அந்த மின்னஞ்சல். பதிப்பு எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள், பதிப்பு மாறினால் அதே கோப்பு வேறு விடை தருவதை நான் பார்த்திருக்கிறேன்.

நாள் கணக்கு கேட்பவர்களுக்கு: கேள்விக்கும் ஆவணத்துக்கும் ஒரு மாதம், நிறைக் கணக்கும் பண்புச் சோதனையும் மூன்று வாரம், ஃப்ளோஷீட் ஆறு வாரம், பணமும் சுற்றுச்சூழலும் ஒரு மாதம், எழுதித் திருத்த மூன்று வாரம். கிட்டத்தட்ட ஐந்து மாதம் வரும். மூன்று என்று சொல்லாதீர்கள்.

ஒப்படைக்கும் முன், இப்படிப்பட்ட ஆலையை ஓட்டிய ஒருவரிடம் ஃப்ளோஷீட்டைக் காட்டுங்கள். நான் காட்டியவர் வெப்பநிலையையோ விளைச்சலையோ பார்க்கவே இல்லை. விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போய், "சக்கையோட வர்ற மண்ணு எல்லாம் எங்க போகுது?" என்றார். சாம்பல் முழுவதையும் நான் கரைந்த உப்பாக வைத்திருந்தேன், அது கழிவுநீரில் போய்க்கொண்டிருந்தது. பாய்லரிலிருந்து ஒரு கைப்பிடிச் சாம்பல்கூட வெளியே வரவில்லை. சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. நீங்கள் தேதி சொல்லும்போது அந்த இரண்டு நாளையும் சேர்த்தே சொல்லுங்கள்.